உண்ணுதல் கோளாறு: ஆண்பிள்ளைகளிடம் கேட்கப்படாத கேள்விகள்

உண்ணுதல் கோளாறு பெண்பிள்ளைகளுக்கே வரும் என்ற எண்ணம் பெற்றோரிடம் மட்டுமல்ல, மருத்துவர்களாகிய எங்களிடமும் ஊறிக் கிடக்கிறது. எடை கூடுமோ என்று அஞ்சி உணவைக் கடுமையாகக் குறைத்து மெலிந்துபோகும், இன்று அனோரெக்சியா நெர்வோசா எனப்படும் நோயை ஒத்த பாதிப்பு இருந்த இருவரைப் பற்றி 1689-இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் எழுதினார். அவர்களில் ஒருவன் 16 வயதுச் சிறுவன். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில், மாதவிடாய் நிற்பதும் அந்நோயை உறுதிசெய்யும் விதிகளில் ஒன்றாக 2013 வரை இருந்தது.

அந்த விதி நீங்கிவிட்டது. கேள்விகள் அவ்வளவாக மாறவில்லை. நாங்கள் பயன்படுத்தும் வினாப்பட்டியல்களில் பலவும் பெண்களை மனத்தில் கொண்டு உருவானவை. 'மெலிய வேண்டும் என்ற நினைப்பு ஓயாமல் வருகிறதா?' என்று கேட்டால், பெண்பிள்ளை தயங்கியாவது ஒப்புக்கொள்ளக்கூடும். பையன் இல்லை என்பான், அது பெரும்பாலும் பொய்யும் அல்ல. அவன் ஏங்குவது கொழுப்பே தெரியாத, தசை திரண்ட உடலுக்கு. மதிப்பெண் குறைவாக வரவே, நோய் இல்லை என்று அனுப்பிவிடுகிறோம். ஆகவே நான் வேறு விதமாகக் கேட்கிறேன்: ஒரு நாள் உடற்பயிற்சி தவறினால் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறாயா, புரதப் பொடி தவிர வேறென்ன எடுத்துக்கொள்கிறாய், நண்பர்களோடு சாப்பிடுவதைத் தவிர்க்கிறாயா, பிறர் முன் சட்டையைக் கழற்றக் கூசுகிறாயா? தசை வேண்டும் பெண்களும், பருமனுக்கு அஞ்சும் பையன்களும் உண்டு என்பதால், இருவகைக் கேள்விகளையும் எல்லாரிடமும் கேட்பதே சரி.

உடல் பரிசோதனையிலும் இதே தவறு நேர்கிறது. பருமனாக இருந்த பையன் சில மாதங்களில் மளமளவென்று இளைத்தால், வீட்டில் பாராட்டுத்தான் கிடைக்கிறது. எடை அவன் வயதுக்கு இயல்பாகவே தெரியும். ஆனால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு மந்தமாகியிருக்கலாம். விழித்திருக்கும்போதே அது நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இறங்குவது, மருத்துவமனையில் சேர்ப்பதைப் பரிசீலிக்க வேண்டிய காரணங்களில் ஒன்று. அதை, பயிற்சியால் மெதுவாகத் துடிக்கும் விளையாட்டு வீரனின் இதயம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. பெண்ணுக்கு மாதவிடாய் தவறுவது ஓர் எச்சரிக்கையாகிறது. பையனுக்கு அப்படி வெளிப்படையான அறிகுறி இல்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்து, பருவ வளர்ச்சி தடைபட்டு, எலும்பு வலுவிழப்பது சத்தமின்றி நடக்கிறது. அதனால்தான் முந்தைய ஆண்டுகளின் உயரம், எடைக் குறிப்புகளைக் கொண்டுவரச் சொல்கிறேன். இன்றைய எடையை விட, அவன் தன் வளர்ச்சிக் கோட்டிலிருந்து எவ்வளவு சரிந்திருக்கிறான் என்பதே அதிகம் உணர்த்தும்.

பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசும்போது, முதலில் வருவது பெரும்பாலும் மௌனம்தான். அவசரப்படாமல் காத்திருந்தால், 'இது பொண்ணுங்களுக்கு வர்றதுதானே டாக்டர்?' என்று அவனே கேட்பான்.