கௌதாரிப் புறா: சொல் விளக்கம்

மரக்கிளையை விடத் தரையிலேயே அதிக நேரம் கழிக்கும் அமெரிக்கக் காட்டுப் புறாக்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் ‘குவெய்ல் டவ்’ என்பார்கள். குவெய்ல் என்றால் காடை. எனவே ‘காடைப் புறா’ என்று எழுதிவிடத் தோன்றும். மற்ற இனங்களுக்கு அது போதும். கியூபாவில் மட்டுமே வாழும் நீலத்தலை இனத்துக்கு எனக்கு அது ஒப்பவில்லை, ‘கௌதாரிப் புறா’ என்பதே பொருந்தும்.

இதன் அறிவியல் பெயர் ஸ்டார்னீனஸ் சயனோசெஃபாலா. பின்பாதி 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்தது. கிரேக்க மொழியில் ‘நீலத் தலை’. முன்பாதியை 1838-இல் சேர்த்தவர் சார்லஸ் லூசியன் போனபார்ட், நெப்போலியனின் தம்பி மகன். ‘ஸ்டார்னா’ இத்தாலியச் சொல், கௌதாரி என்று பொருள். ‘ஒய்னாஸ்’ கிரேக்கத்தில் புறா. கியூபாக்காரர்கள் ஸ்பானிய மொழியில் சொல்லும் ‘பலோமா பெர்தீஸ்’ என்பதும் கௌதாரிப் புறாவே. அவர்கள் ஊரில் இன்னும் மூன்று ‘குவெய்ல் டவ்’ இனங்கள் உண்டு. அவற்றுக்கு பார்பிகேஹோ, போயேரோ, கமாவோ என்று தனித்தனிப் பெயர்கள். கௌதாரி என்ற பேச்சே இல்லை.

அளவும் இதற்கே சாட்சி. நம் காடை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். இந்தப் புறாவோ 30 சென்டிமீட்டருக்குக் குறையாது, ஏறக்குறைய நம் கௌதாரியின் நீளம். உடல் பழுப்பு, உச்சந்தலை நீலம், கண் வழியாகக் கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே வெள்ளைக் கோடு, தொண்டையில் வெள்ளை விளிம்பிட்ட கறுப்புத் திட்டு. சருகு மூடிய காட்டுத் தரையில் நடந்தபடியே விதை, உதிர்ந்த கனி, நத்தை எனப் பொறுக்கித் தின்னும். கூடும் தரையிலோ சற்று உயரத்திலோதான். முட்டை ஒன்று அல்லது இரண்டு.

தரையில் மேய்வதால் பிடிப்பதும் எளிது. இறைச்சிக்குப் பேர்போன பறவை என்பதால் ஆரஞ்சு விதையைத் தூவிப் பொறிவைத்துப் பிடிக்கிறார்கள். காடழிப்பும் சேர்ந்துகொள்ள, தீவில் பல இடங்களில் காணாமல் போய்விட்டது. சபாட்டா சதுப்பு நிலப் பகுதியிலும் மேற்கே பினார் தெல் ரியோவிலும் இன்னும் பார்க்கலாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அருகிவரும் இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது.

2016-இல் ஸ்டோர்ஸ் ஓல்சன், ஜேம்ஸ் வைலி என்ற இரு பறவையியலாளர்கள் இன்னொரு குண்டைப் போட்டார்கள். இறகின் கோலம், காலில் உள்ள அறுகோணச் செதில்கள் முதலியவற்றைக் காட்டி, இது அமெரிக்கக் காடைப் புறாக்களின் உறவே அல்ல, ஆஸ்திரேலியத் தரைப் புறாக்களின் பங்காளி என்று வாதிட்டார்கள். அந்த ஆஸ்திரேலியப் புறாக்களில் ஒன்றுக்கு ஆங்கிலப் பெயர் ‘பார்ட்ரிட்ஜ் பிஜன்’. அதையும் தமிழில் கௌதாரிப் புறா என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்!

கௌதாரிக்குச் ‘சிவல்’ என்ற பழஞ்சொல் இருக்கிறதே, ‘சிவற்புறா’ எனலாமே என்று கேட்கலாம். அழகுதான், ஆனால் கேட்பவருக்கு விளங்காது. கியூபப் பறவையை ‘நீலத்தலைக் கௌதாரிப் புறா’ என்று முழுப்பெயரிட்டு எழுதினால் ஆஸ்திரேலியப் புறாவோடு குழப்பம் வராது.