தேநீர்க் கரண்டியும் ‘சந்தேக நோயும்’

போன மாதம் மனநல வார்ட்டில் இரவுப் பணிக்குப் போனபோது, பகல் பணி முடித்துக் கைமாற்றிய தாதிகள் சொன்னார்கள்: “ஆறாம் அறை. ஆள் பெரிசு, கவனம். தேநீர் குடிக்க மறுக்கிறார். கரண்டியால் தன்னை வசியம் செய்யப் பார்க்கிறோமாம்.”

போய்ப் பார்த்தேன். 22 வயதுக் கறுப்பினப் பையன், பல்கலைக்கழக மாணவர். என் மகனைவிட ஒல்லி. தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். “வேண்டும், ஆனால் நீங்கள் கலக்காதீர்கள்” என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “நீங்களும் அந்தப் படம் பார்க்கவில்லையா?”

(ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

படம் ‘கெட் அவுட்’. ஜோர்டன் பீல் 2017இல் எடுத்தது, ஒஸ்கார் விருதும் வாங்கியது. வெள்ளைக்காரக் காதலியின் வீட்டுக்குப் போகிறான் கிறிஸ் என்ற கறுப்பின இளைஞன். காதலியின் தாய் மனநல வைத்தியர். கோப்பையில் கரண்டியைச் சுற்றிச் சுற்றிக் கலக்கியபடி அவனுடைய அம்மா செத்துப்போன கதையைக் கேட்கிறாள். அவன் கண்ணில் நீர் வழிகிறது, கையைக் காலை அசைக்க முடியவில்லை. அந்த வசியத்தில் கதிரையோடு இருட்டுக்குள் அமிழ்ந்து போகிறான். கறுப்பின இளைஞர் பலருக்கு அந்தக் காட்சி அத்துப்படி.

பையன் பகடி விட்டிருக்கிறார். அது கோப்பில் நோய் அறிகுறியாக ஏறிவிட்டது. லண்டனில் 17 வருடமாக மனநல வார்ட்டில் தாதியாக இருக்கிறேன், இப்படி எத்தனை பார்த்துவிட்டேன்! பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ஒரே ஒரு நினைப்பு: கறுப்பின நோயாளி பயந்தால், நம்பாமல் பார்த்தால், அது நோய். சரி, ஒன்று கேட்கிறேன். கதவைப் பலமாகத் தட்டினால் எங்கள் தமிழ் அம்மா ஒருவர் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். என்ன எழுதுகிறோம்? ‘யுத்தத்தைக் கண்டவர், இராணுவச் சோதனைகளைக் கடந்து வந்தவர்.’ கடையில் காவலாளி எப்போதும் பின்னால் வருகிறான், தெருவில் பொலிஸ் நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்கிறது என்று கறுப்பினப் பையன் சொன்னால் என்ன எழுதுகிறோம்? ‘தன்னைப் பின்தொடர்வதாக நம்புகிறார்.’ அவரை உண்மையாகவே பின்தொடர்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? எங்கள் அம்மாவின் பயத்துக்கு வரலாறு உண்டு, அவர் பயத்துக்குக் கிடையாதா? பயத்துக்குக் காரணமும் இருக்கலாம், கூடவே நோயும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லாமல் போகாது.

எங்கள் தொழிலின் கை சுத்தமில்லை. அடிமைகள் தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்று 1851இல் பெயர் வைத்தவர் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க வைத்தியர். அதற்கு அவர் சொன்ன மருந்துகளில் ஒன்று சவுக்கடி. 1974இல் ஹலோபெரிடோல் என்ற மனநோய் மருந்துக்கு ஒரு மருத்துவ இதழில் வந்த விளம்பரத்தில் இருந்தது, முஷ்டி மடக்கிக் கோபத்தோடு நிற்கும் கறுப்பின ஆண். அதே மருந்தை இன்றும் என் கையால் போடுகிறேன்.

இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின் கீழ் கட்டாயமாகத் தடுத்து வைக்கப்படும் வீதம், கறுப்பினத்தவரிடையே வெள்ளையரைவிட 3 மடங்குக்கும் மேல். 2010இல் தானாகவே சிகிச்சைக்கு வந்த ஒலசேனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர், பொலிஸார் 11 பேர் அமுக்கிப் பிடித்ததில் நினைவிழந்து, பிறகு இறந்தார். குடும்பத்தின் போராட்டத்தால், மனநல வார்டுகளில் நோயாளிகளை அமுக்கிப் பிடிப்பதைக் கட்டுப்படுத்த 2018இல் வந்த சட்டத்தை ‘சேனியின் சட்டம்’ என்கிறோம். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சேனி யார் என்று கேட்டால் பாதிப்பேர் முழிக்கிறார்கள்.

இப்படி இறந்தவர்களைக் கலைஞர்கள் மறக்கவில்லை. ஜமேக்காவில் பிறந்த எஸ்மின் கிரீன், 49 வயது. 2008இல் புரூக்ளினில் ஒரு மனநல அவசரப் பிரிவில் ஏறத்தாழ 24 மணி நேரம் கதிரையில் காத்திருந்து தரையில் விழுந்தார். ஊழியர்கள் பார்த்துவிட்டுப் போனது கமராவில் பதிவானது. காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்து இறந்தார். 2016இல் சிமோன் லீ என்ற கறுப்பினச் சிற்பி அவர் நினைவாக நியூயோர்க் அருங்காட்சியகம் ஒன்றில் ‘காத்திருப்பு அறை’ என்று ஒன்றை அமைத்தார். மூலிகை, தியானம், யோகா என்று வந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் அறை. என் வார்ட்டின் காத்திருப்பு அறையில் இருப்பது தரையோடு ஆணி அடித்த கதிரைகளும் ஒரு தொலைக்காட்சியும்.

‘நானும் வெள்ளையில்லையே, நான் அப்படிச் செய்வேனா’ என்று நினைக்கும் எங்கள் ஆட்களுக்கு: அந்தப் படத்தில் கிறிஸைக் காணவில்லை என்று அவன் நண்பன் பொலிஸுக்குப் போய் முறையிடுவான். அந்த நண்பனை நம்பாமல் விழுந்து விழுந்து சிரிக்கும் அதிகாரி ஒரு கறுப்பினப் பெண்தான். வீட்டில் கறுப்பினத்தவரை ‘காப்பிலி’ என்று இழிவாகச் சொல்லிப் பழகிய வாய்தான் வார்ட்டில் ‘ஆள் பெரிசு’ என்கிறது. கோபம் வந்தால் வரட்டும்.

வார்ட்டில் வேலை செய்பவர்களே, கண்டதை எழுதுங்கள். ‘மூர்க்கமானவர்’ என்று எழுதாதீர்கள். ‘குரலை உயர்த்தி ஃபோனைக் கேட்டார்’ என்று எழுதுங்கள். புரியாத ஒன்றைச் சொன்னால் “அது என்ன?” என்று கேளுங்கள், ஒரு நிமிடம் போதும். ‘கறுப்பினப் பெண்கள் உறுதியானவர்கள், தாங்குவார்கள்’ என்று சொல்லி வலி மாத்திரையைப் பிந்தவிடாதீர்கள். பொலிஸார் ஒரு கறுப்பினத்தவரைக் கொல்லும் வீடியோவை, உங்களுக்கு அனுதாபம் இருக்கிறது என்று காட்ட, கறுப்பின நண்பருக்கு அனுப்பாதீர்கள். அவர் அதை ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்திருப்பார்.

ஒரு கெஞ்சல். இந்தப் படத்தைக் காட்டி, வைத்தியரிடம் போகாதே என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். தூக்கம் கெட்டு, குரல்கள் கேட்டு, சாப்பாடு நின்றுபோன பிள்ளைக்கு ஒவ்வொரு கிழமையும் முக்கியம். தனியாக அனுப்பாமல் நம்பிக்கையான ஒருவரைக் கூட அனுப்புங்கள்.

ஆறாம் அறைப் பையனுக்கு நோய் இருந்தது உண்மைதான். மருந்து எடுத்துக்கொண்டார், தேறினார், வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ‘வசியம்’ வரி மட்டும் கோப்பில் கிடக்கிறது. அழிக்க அனுமதியில்லை, கீழே சேர்க்கலாம். சேர்த்திருக்கிறேன்: ‘திரைப்படம் ஒன்றைச் சொல்லிப் பகடி செய்தார். தேநீர் இரண்டு கோப்பை குடித்தார். சீனியை அவரே கலக்கிக்கொண்டார்.’