திராட்சை குடிக்கும் தேநீர்

அயர்லாந்தில் இலையுதிர்காலம் முற்றி, அக்டோபர் 31ஆம் நாள் வரும் ஹாலோவீன் நெருங்கும்போது, 'பார்ம்ப்ராக்' என்னும் பழரொட்டி சுடப்படுகிறது. மாவுக்குள் ஒரு மோதிரத்தை மறைத்து வைத்துச் சுடுவதும், அது யாருடைய துண்டில் அகப்படுகிறதோ அவருக்கு ஓராண்டுக்குள் திருமணம் கூடிவரும் என்று சொல்வதும் அங்குள்ள வழக்கம். ஐரிஷ் மொழியில் 'ப்ராக்' என்றால் புள்ளிகள் நிறைந்தது. அந்தப் புள்ளிகள் உலர்திராட்சைகளே. ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைப்பது ஒரு முறை. பேக்கிங் பவுடர் போதும் என்ற எளிய வீட்டு முறைக்கு 'டீ ப்ராக்' என்று பெயர். இந்த இரண்டாவது முறையில் பழங்களை முந்தைய இரவே பால் கலக்காத கடுந்தேநீரில் ஊறப்போடுகிறார்கள். இதைச் சுவைக்காக மட்டும் செய்வதாக எண்ணிவிடக் கூடாது. ரொட்டி தேறுவது பெரும்பாலும் இந்த ஊறலில்தான் இருக்கிறது.

உலர்திராட்சையின் எடையில் சுமார் 15 சதவீதமே நீர். எஞ்சியதில் பெரும்பங்கு சர்க்கரை. இத்தகைய வறண்ட பழத்தை அப்படியே மாவில் கலந்தால், அது தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுட்ட ரொட்டியோ வறண்டு, வெட்டும்போது உதிரும். ஊறிய பழத்துக்கு அந்தத் தாகம் அடங்கியிருக்கும். பள்ளியில் சவ்வூடுபரவலை, அதாவது சவ்வு வழியே நீர் மட்டும் ஊடுருவுவதை, விளக்க உலர்திராட்சையை நீரில் போட்டு உப்பவைத்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஆனால் இங்கே நடப்பது அவ்வளவு ஒருவழிப் பயணம் அன்று. உலர்த்தும்போதே பழத்தின் செல் சவ்வுகள் பெரிதும் சிதைந்துவிடுவதால், நீர் உள்ளே போகும் அதே நேரத்தில் சர்க்கரையும் பழமணமும் வெளியே கசிகின்றன. அதனால்தான் ஊறவைத்த தேநீரைக் கீழே கொட்டாமல், அதைக்கொண்டே மாவு பிசைகிறார்கள். தேநீரின் டானின்கள் தரும் இலேசான துவர்ப்பு, திகட்டும் இனிப்பை மட்டுப்படுத்துகிறது.

இதில் வால்நட்டோ ஹேசல்நட்டோ சேர்ப்பவர்கள் உண்டு. பருப்புகளுக்கான நியாயம் வேறு. அவற்றில் பாதிக்கு மேல் எண்ணெய் என்பதால் அவை மாவின் நீரை அதிகம் இழுப்பதில்லை. பழத்தோடு சேர்த்து ஊறவைத்தால் மொறுமொறுப்புதான் போகும். அவற்றைத் தனியே வறுத்தே சேர்க்க வேண்டும். ஓவன் 170 டிகிரி செல்சியஸில் எரிந்தாலும், ஈரம் இருக்கும்வரை ரொட்டியின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை; வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. வறுத்த மணத்தையும் பொன்னிறத்தையும் தரும் மெயிலார்டு வினை விறுவிறுப்பாக நடக்கச் சுமார் 140 டிகிரி வேண்டும். வறண்டுபோகும் மேலோடு அந்த வெப்பநிலையை எட்டிச் சிவக்கிறது. உள்ளே புதைந்த வறுக்காத பருப்போ ஒரு மணி நேரம் ஓவனில் இருந்தாலும் வறுபடாமல் வெறுமனே வேகிறது.

பழங்கள் அடியில் போய்த் தங்குவது பலருடைய மனக்குறை. பழத்தின் மீது மைதா தூவுவதே இதற்கு மருந்து என்பார்கள்; அது ஓரளவே உதவும். சூடேறத் தொடங்கும்போது மாவு முதலில் இளகுகிறது. பின்னர்தான் அதன் ஸ்டார்ச் நீரை உறிஞ்சி இறுகுகிறது. சர்க்கரை மிகுந்த மாவில் அந்த இறுக்கம் இன்னும் தாமதமாகும். இந்த இடைவெளியில்தான் பழம் இறங்குகிறது. குழம்பு போன்ற திரவத்தில் அமிழும் பொருளின் வேகம் அதன் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பாதி அளவுள்ள துண்டு கால்பங்கு வேகத்தில்தான் இறங்கும். மாவைக் கெட்டியாகக் கலந்து, பெரிய பழங்களை நறுக்கிப் போடுவதே உருப்படியான வழி.

சுட்ட அன்றே வெட்டுவதைவிட, ஆறியபின் காற்றுப் புகாமல் சுற்றி ஒரு நாள் வைத்திருப்பது மேல். அதற்குள் பழத்துக்கும் ரொட்டிக்கும் மேலோட்டுக்கும் இடையே ஈரம் சமநிலையை நோக்கி நகர்ந்து, துண்டு உதிராமல் வரும். ஆனால் குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது: ஸ்டார்ச் மூலக்கூறுகள் மீண்டும் படிக ஒழுங்கில் அடுக்கப்பட்டு ரொட்டி விறைப்பது, அறை வெப்பநிலையைவிட 4 டிகிரி அளவிலான குளிரில்தான் விரைவாக நடக்கிறது. அப்படி விறைத்துப்போன துண்டையும் வாட்டினால் அந்த அடுக்கு குலைந்து மீண்டும் மென்மையாகும். அயர்லாந்தில் பழைய ப்ராக்கை வாட்டி வெண்ணெய் தடவித்தான் உண்கிறார்கள்.