திறப்பு விழாவுக்கு மறுநாள்

உலோகச் சிற்பங்களைப் பழுது பார்ப்பதும் பாதுகாப்பதும் என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், வடசென்னையில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஒரு நாற்சந்திச் சிலையைப் பார்க்க அழைத்திருந்தார்கள். "சிமெண்ட் சிலைதான் சார். கழுத்துப் பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. பூசிவிட்டு கோல்டு பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டோம்" என்றார், அந்தச் சிலையைக் கவனித்து வரும் பெரியவர். ஏணியில் ஏறி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். சிமெண்ட் அப்படி ஒலிக்காது. பொள்ளலாக வார்த்த வெண்கலம், மழுங்கிய மணியைப் போலப் பதில் சொன்னது. முழங்கைக்கு அடியில், யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில், நக அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டியபோது பொன், வெள்ளி, கறுப்பு, மறுபடியும் பொன் என்று ஒன்பது அடுக்குகளை எண்ண முடிந்தது. ஒன்பதாவது அடுக்குக்குக் கீழே பச்சை. பெரியவர் விரிசல் என்று காட்டியது, தலையையும் உடலையும் தனித்தனியே வார்த்துப் பற்றவைத்த இடத்தில் பற்று விட்டுப்போனதால் தெரிந்த கோடு.

அந்தச் சிலையைச் செய்த சிற்பி யார், எந்தப் பட்டறையில் வார்த்தார்கள், எடை எவ்வளவு, பீடத்துக்குள் எதைக் கொண்டு பிடிக்க வைத்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட யாரிடமும் இல்லை. பீடத்துக் கல்வெட்டில் திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்புரை ஆற்றியவர் ஆகியோரின் பெயர்கள் தெளிவாக இருந்தன. வார்த்தவரின் பெயர் இல்லை. நான் பார்த்த சிலைகளில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். திறப்பு விழாவைப் பற்றி எல்லாமே தெரியும். சிலையைப் பற்றி எதுவுமே தெரியாது.

சிலை செய்தியாவது திறக்கும்போதும் அகற்றும்போதும் உடைக்கும்போதும் மட்டும்தான். சென்னையில் அப்படிச் செய்தியான சிலைகளுக்குக் குறைவில்லை. 1857 கிளர்ச்சியை ஒடுக்குவதில் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமைகள் இழைத்த ஜேம்ஸ் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் வைத்திருந்த சிலையை எடுக்க வேண்டும் என்று 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. தொண்டர்கள் அணி அணியாகச் சிறை சென்றார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1937இல் ராஜாஜியின் அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை சாலையைவிட்டு நீங்கியது. இன்று அது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் பளிங்குச் சிலையும் அப்படித்தான், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு என்று அலைந்து, கடைசியில் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் தஞ்சம் புகுந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடமான உண்மை தென்படுகிறது. மக்கள் வேண்டாம் என்று துரத்திய நீல், வெயிலும் மழையும் உப்பும் படாமல் கூரைக்கு அடியில் இருக்கிறார். மக்கள் வேண்டும் என்று வைத்தவர்கள் எல்லாம் வெளியே நின்று அரிபடுகிறார்கள்.

கடற்கரைச் சிலைகளில் அதிகம் பேசப்பட்டது கண்ணகி சிலை. 1968 ஜனவரியில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைக்கப்பட்ட பத்துச் சிலைகளில் அதுவும் ஒன்று. 2001 டிசம்பரில் ஒரு லாரி பீடத்தில் மோதியதைத் தொடர்ந்து அப்புறப்படுத்தப்பட்டு, ஆட்சி மாறிய பின் 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்பட்டது. இந்த ஐந்தாண்டு காலத்தின் அரசியலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் நினைத்துப் பார்ப்பது வேறொன்றை. சிலம்பை ஏந்தி உயர்ந்திருக்கும் அந்தக் கை, பொறியியல் கணக்கில், ஒரு பக்கம் மட்டுமே தாங்கல் உள்ள நீட்டம். அத்தகைய சிலையைப் பீடத்திலிருந்து பெயர்த்து, பட்டை கட்டி, கிரேனில் தூக்கி, லாரியில் படுக்கவைத்துக் கொண்டுபோய், மறுபடியும் அதே வழியில் கொண்டுவருவதென்றால், தோள்பட்டை இணைப்பில் விழும் அழுத்தம் சாதாரணமானதல்ல. இடமாற்றம் ஒவ்வொன்றும் சிலைக்கு ஓர் அறுவைச் சிகிச்சை. அதே கடற்கரைச் சாலையில் 2006இல் வைக்கப்பட்ட சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்று தொடுக்கப்பட்ட வழக்கின் முடிவில், 2017 ஆகஸ்டில் அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. அண்ணா சாலையில் இருந்த கருணாநிதி சிலைக்கு இடம்பெயரும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. 1987 டிசம்பரில், எம்.ஜி.ஆர். மறைந்த நாளில், கடப்பாரைக்கு இரையானது.

இவையெல்லாம் ஒரே நாளில் நடந்து முடிந்த சேதங்கள். ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும் சேதத்துக்கு ஊர்வலமும் கிடையாது, வழக்கும் கிடையாது. சென்னையில் அந்த வேலையைச் செய்வது உப்புக்காற்று.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். நல்ல காற்றில் அதன் மேல் மெல்லிய பழுப்புப் படலம் ஒன்று உருவாகி, உள்ளே இருக்கும் உலோகத்துக்குக் கவசமாக நின்றுவிடும். செம்பில் ஏறும் பச்சைக் களிம்பு அதனோடேயே பிறந்தது என்று, உயிரோடு ஒட்டியே இருக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்கு உவமை சொன்ன சைவ சித்தாந்திகள் உலோகத்தையும் நன்றாகக் கவனித்தவர்கள்தான். எல்லாக் களிம்பும் கெட்டதல்ல என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்வேன். இறுகிப் படிந்த கரும்பச்சைப் படலம் சிலைக்குத் தோல் மாதிரி. அதைத் தேய்த்து எடுப்பது தோலை உரிப்பதற்குச் சமம். அஞ்ச வேண்டியது வெளிர்பச்சையில், விரலால் தொட்டால் மாவாக உதிரும் புள்ளிகளைக் கண்டுதான். கடற்காற்றோடு வரும் குளோரைடு செம்போடு சேர்ந்து உருவாக்கும் உப்பு, ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தவுடன் அமிலத்தை விடுவிக்கிறது. அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்று மறுபடியும் அதே உப்பாகிறது. சக்கரம் நிற்பதில்லை. இதை வெண்கல நோய் என்கிறோம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டிலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டதற்கு, பழைய வெண்கலப் படிமங்களை அரித்த இந்த நோய் முக்கியமான காரணம். அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் படிமங்களைக் குணப்படுத்தினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நடராசருக்கு அந்த மருத்துவம் கிடைத்தது. சாலையில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை.

மழையில் நனையும் பாகம்தான் முதலில் கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். கடலோரத்தில் நடப்பது நேர்மாறானது. மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மழை எட்டாத அக்குள், தாடைக்கு அடிப்பகுதி, சால்வை மடிப்பின் உட்புறம், குதிரையின் வயிறு ஆகிய இடங்களில்தான் உப்பு ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து, 1959 ஜனவரியில் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலைக்கு முன்னால் அடுத்த முறை நிற்க நேர்ந்தால், நால்வரின் தோள்களைப் பார்த்த பிறகு, பாறைக்கும் உடல்களுக்கும் இடையே மழை நுழையாத இடுக்குகளையும் ஒரு முறை பாருங்கள். தீவுத்திடலில் 1839 முதல் நிற்கும், சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலையைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. சேணத்தையும், குதிரையேறுபவர் கால் வைக்கும் அங்கவடியையும் வைக்க மறந்த சிற்பி மனமுடைந்து உயிரை விட்டாராம். சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி அப்படியெல்லாம் மறக்கக்கூடியவர் அல்லர். என் பார்வையில் அங்கவடி இல்லாதது அந்தச் சிலைக்கு வாய்த்த நல்லூழ். தொங்கும் சிறு உறுப்புகள்தான் எந்தச் சிலையிலும் முதலில் நீர் தேங்கி அரித்து விழுகின்றன.

இப்போது பெயிண்டுக்கு வருகிறேன், ஏனென்றால் உப்புக்கு அடுத்தபடியாக நான் அதிகம் சண்டை போட்டிருப்பது அதனோடுதான். பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு கோல்டு பெயிண்ட் டப்பாவோடு ஏணி வருவது நம் ஊர் வழக்கம். அதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதையும் அறிவேன். ஆனால் உப்பு படிந்த பரப்பைக் கழுவாமல் அதன்மேல் எனாமலைப் பூசினால், உப்பையும் ஈரத்தையும் உலோகத்தோடு சேர்த்துப் பூட்டிவைத்ததாக ஆகும். அந்தப் படலத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தாலும் நீர் உள்ளே போகும், வெளியே வராது. அடுக்கு கூடக் கூட மூக்கின் கூர்மையும் விரல்களின் இடைவெளியும் மறைந்து, சிற்பி கண்ட முகம் போய், எல்லாத் தலைவர்களுக்கும் ஒரே முகம் வந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் மோசமானது, விரிசல் தெரியாமல் போவது.

சிமெண்ட் சிலைகளின் கதை இன்னும் சுருக்கமானது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கை, மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல் என்று மெல்லிய பகுதிகள் வெடித்துக் கொட்டும். சிறு ஊர்களில் "சிலை சேதம்" என்று பதற்றம் பரவி, காவல் துறை வந்து நிற்கும் சம்பவங்களில் சில, துருவின் கைவரிசையாக இருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எல்லாம் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். உடைப்பவர்களும் இருக்கிறார்கள், அம்பேத்கர் சிலைகளைச் சுற்றிக் கம்பிக் கூண்டு நிற்பது அதனால்தான். அந்தக் கூண்டின் கம்பி துருப்பிடித்து, செந்நீராக ஒழுகிச் சிலையின் காலடியில் கறையாவதையும் யாரேனும் கவனிக்க வேண்டும்.

ஒரு சிலையைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் செய்யக்கூடியது அதிகச் செலவு பிடிப்பதல்ல. வெண்கலமாக இருந்தால் புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளைப் பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்கக் கூடாது. பாலாபிஷேகமும் வேண்டாம், பால் புளித்து அமிலமாகும். பறவை எச்சத்தைக் காயவிடாமல் நீக்க வேண்டும். கழுவுவதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரையோ தண்ணீர் லாரி நீரையோ பயன்படுத்தாதீர்கள். கடலோரச் சென்னையில் அந்த நீரிலேயே உப்பு இருக்கும். நாங்கள் மிருதுவான தூரிகையும் காரமில்லாத சோப்பும் கொண்டு கழுவி, கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவோம். சிலையிலிருந்து வழியும் நீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பார்ப்போம். தண்ணீரில் பால் சிந்தியது போல வெண்மை கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். மறுபடியும் கழுவ வேண்டும். அந்த நாற்சந்திச் சிலையில் பெயிண்டை எல்லாம் நீக்கிய பிறகு, நீர் தெளிவாக நிற்பதற்கு ஆறு நாட்கள் ஆயின. பிறகு நன்றாக உலரவிட்டு, மெழுகு தடவித் துணியால் தேய்த்துவிட்டால், ஆண்டுக்கொரு முறை மெழுகைப் புதுப்பித்தால் போதும். வார்ப்பின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். மாலையை இரும்புக் கம்பியில் கட்டாமல் நூலில் கட்டச் சொல்லுங்கள். வாடியதை மறுநாளே எடுத்துவிடுங்கள். மாலை போட ஏறுபவரின் ஏணி, சிலையின் கையில் சாயக் கூடாது.

பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், தலைவர்கள் பூங்கா ஒன்றை அமைத்துச் சாலையோரச் சிலைகளை அங்கே மாற்றவும், பராமரிப்புச் செலவைச் சிலை வைத்தவர்களிடமே வசூலிக்கவும் சொன்னது. போக்குவரத்தைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். பராமரிப்பைப் பற்றிய வரியைப் பேசியவர்கள் குறைவு. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. பூங்காவுக்குப் போனாலும் காற்று அதே காற்றுதான். அங்கே போகும் ஒவ்வொரு சிலையும் கிரேனில்தான் போக வேண்டும். எடையும் இணைப்பும் தெரியாத சிலையைத் தூக்குவதைப் போல ஆபத்தான வேலை எங்கள் தொழிலில் வேறில்லை. ஆகவே, இடம் மாற்றுகிறோமோ இல்லையோ, ஒவ்வொரு சிலைக்கும் ஒரு கோப்பு இப்போதே வேண்டும். உலோகம் எது, உயரம் எவ்வளவு, எங்கே பற்றவைப்பு, பீடத்தில் எத்தனை போல்ட், கடைசியாகக் கழுவியது எப்போது என்ற விவரங்களும் நான்கு பக்கமும் எடுத்த புகைப்படங்களும் அதில் இருந்தால் போதும்.

வடசென்னைப் பெரியவர் இதற்காக நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் போட்டிருக்கிறார். பொன்முகம் போனதில் ஊரில் சிலருக்கு வருத்தம், "தலைவரைக் கறுப்பாக்கிவிட்டீர்களே" என்று அவரிடம் இன்னமும் கேட்கிறார்களாம். சென்ற மாதம் போயிருந்தபோது நோட்டைக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் தேதியோடு இரண்டு வரிகள் இருந்தன: வலது அக்குளில் வெளிர்பச்சைப் புள்ளி ஒன்று, மிளகு அளவு, சாரிடம் காட்ட வேண்டும்.