முரணில்லாமல் இணைந்த பிழை

வானிலை மாதிரி நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேகங்களைக் கணக்கிடும் புதிய பகுதியை ஒரு குழு தனிக் கிளையில், அதாவது நிரலின் தனிப் பிரதியில், எழுதுகிறது. அதே ஆறு மாதத்தில் இன்னொரு குழு மெயின் எனப்படும் முதன்மைக் கிளையில் வெப்பநிலையை செல்சியஸிலிருந்து கெல்வினுக்கு மாற்றி, அதைத் தொடும் எல்லா இடங்களையும் திருத்திவிடுகிறது. பிறகு, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் இரண்டையும் இணைக்கிறது. இரு பக்க மாற்றங்களும் மோதும் முரண் ஒன்றுகூட வரவில்லை, நிரலும் கம்பைல் ஆகிறது (இயங்கும் வடிவத்துக்கு மாறுகிறது). ஆனால் விடை தவறு.

கிட் இணைக்கும் முறையிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது. அது இரண்டு பதிப்புகளை அல்ல, மூன்றைப் பார்க்கிறது: நம் கிளை, எதிர்க் கிளை, இரண்டும் பிரிந்த இடத்தில் இருந்த பொது மூதாதை. அந்த மூதாதை எந்த கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) என்பதை 'கிட் மெர்ஜ்-பேஸ்' கட்டளை சொல்லும். ஒரு வரி ஒரு பக்கத்தில் மட்டும் மாறியிருந்தால் கிட் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறியிருந்தாலும் பிரச்சினையில்லை. ஒரே இடம் வெவ்வேறாக மாறியிருந்தால் மட்டுமே முரண் என்று நிறுத்தி, ஏழு '<', ஏழு '=', ஏழு '>' குறிகளுக்கு நடுவே இரண்டு பதிப்புகளையும் வைத்துவிட்டு நம்மைக் கேட்கும்.

இயல்பாக அந்தக் குறிகளுக்குள் மூதாதை வரி காட்டப்படாது. அது இல்லாமல், ஒரு வரியை இவர் சேர்த்தாரா, அவர் நீக்கினாரா என்று கண்டுபிடிக்க முடியாது. 'மெர்ஜ்.கான்ஃபிளிக்ட்ஸ்டைல்' அமைப்பை 'டிஃப்3' என்று மாற்றினால் மூதாதையும் நடுவில் தெரியும். முரண் தீர்க்கும் எவரும் முதலில் செய்யவேண்டியது இதைத்தான்.

ஆக, கிட் பார்ப்பது வரிகளை. அலகு, பொருள், இயற்பியல் எதுவும் அதற்குத் தெரியாது. மேகக் குழுவின் புதிய கோப்பு மூதாதையில் இல்லை, மெயினிலும் இல்லை. அதனால் முரண்பட எதிராளியே இல்லாமல் அப்படியே உள்ளே வந்துவிடுகிறது. அதில் செறிவு நீராவி அழுத்தத்துக்கான (காற்றில் நீராவி நிறைந்திருக்கும்போது அந்த நீராவி தரும் அழுத்தம்) சூத்திரம் இருக்கிறது: 6.112-ஐ, 17.67 × வெப்பநிலை ÷ (வெப்பநிலை + 243.5) என்பதன் எக்ஸ்பொனென்ஷியலால் (e-இன் அந்த அடுக்கால்) பெருக்க வேண்டும். இது செல்சியஸுக்கானது. 26.85 டிகிரி கொடுத்தால் சுமார் 35 ஹெக்டோபாஸ்கல் வரும். அதே வெப்பநிலையை 300 கெல்வின் என்று கொடுத்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும். கடல்மட்டக் காற்றழுத்தமே ஏறக்குறைய 1013 ஹெக்டோபாஸ்கல்தான். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும் என்று நம்பக்கூடாது. "மதிப்பு காற்றழுத்தத்தைத் தாண்டினால் காற்றழுத்தத்தையே மதிப்பாக வை" என்று கீழே ஒரு பாதுகாப்பு வரி இருந்தால் போதும், பிழை அதற்குள் மறைந்துவிடும்.

இதைத் தடுக்க, இணைக்கும் முன் மூதாதையிலிருந்து மெயினில் என்னென்ன மாறியது என்று முழுவதும் படிக்க வேண்டும். முரண் வந்த கோப்புகளை மட்டும் படிப்பது போதாது. அலகு மாற்றும்போது மாறியின் பெயரையும் சேர்த்து மாற்றுவது இன்னும் நல்லது. பழைய பெயரைத் தேடும் புதிய கோப்பு கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். சத்தமாக உடையும் நிரல் அமைதியாகத் தவறும் நிரலைவிடப் பல மடங்கு மேல்.

வேறொரு தொல்லை, வடிவமைப்பு கமிட். மெயினில் யாரோ, நிரலின் எழுத்து அமைப்பை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரை ஓட்டி ஆயிரக்கணக்கான வரிகளின் இடைவெளியை மாற்றியிருப்பார்கள். திறந்த இடமெல்லாம் முரணாக நிற்கும். அவற்றைக் கையால் தீர்க்க உட்காரவேண்டாம். முதலில் அந்த கமிட்டுக்கு முந்தைய கமிட் வரை நம் கிளையில் இணைக்கவேண்டும். அடுத்து வடிவமைப்பு கமிட்டை மட்டும் '-எஸ் அவர்ஸ்' ('நம்முடையதே') உத்தியோடு இணைத்தால், இணைந்ததாக வரலாற்றில் பதியும், உள்ளடக்கம் எதுவும் வராது. உடனே அதே பதிப்பு ஃபார்மேட்டரை அதே அமைப்புகளோடு நம் கிளையில் ஓட்டி, அந்த கமிட்டிலேயே சேர்த்துவிட்டு, மீதி மெயினை வழக்கம்போல் இணைக்கலாம். அந்த கமிட்டில் வடிவமைப்பைத் தவிர வேறு மாற்றம் எதுவும் இல்லை என்று உறுதி செய்தபிறகே இதைச் செய்யவேண்டும். இருந்தால் அது தொலைந்துபோகும். '-எக்ஸ் அவர்ஸ்' வேறு: முரண் வந்த இடத்தில் மட்டும் நம் பக்கத்தை எடுக்கும்.

இணைத்தபின் எண்களைச் சோதிப்பது தனிக் கலை. கணினியில் (0.1 + 0.2) + 0.3 கூட்டினால் 0.6000000000000001, 0.1 + (0.2 + 0.3) என்றால் 0.6. கூட்டும் வரிசையை மாற்றியதற்கே கடைசி இலக்கம் மாறுகிறது. வானிலை மாதிரியில் அந்தத் துளி வேறுபாடு சில வாரங்களில் வேறு வானிலையாக வளர்ந்துவிடும். அதனால் கமிட்டுகளை இரண்டாகப் பிரித்து வைப்பது நல்லது: விடையை மாற்றாதவை, மாற்றுபவை. ஒரு கிளையில் வெறும் சீரமைப்பு மட்டும் இருந்தால், இணைப்பின் வெளியீடு மெயினின் வெளியீட்டோடு பிட்டுக்குப் பிட் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஏதோ தவறு, அவ்வளவுதான்.

விடை மாறத்தான் செய்யும் என்ற நிலையில் புள்ளியியல் தேவை. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் வளர்ந்த சிஇஎஸ்எம் பருவநிலை மாதிரிக்கு 2015-இல் இப்படியொரு சோதனை வெளியானது. தொடக்க வெப்பநிலையை 10-இன் -14ஆம் அடுக்கு அளவில் மட்டும் அசைத்து, 151 ஓராண்டு ஓட்டங்கள் எடுத்தார்கள். அவற்றின் சிதறல்தான் மாதிரியின் இயல்பான வரம்பு. புதிய நிரலின் ஓட்டங்கள் அந்த வரம்புக்குள் விழுகின்றனவா என்று பார்க்கவேண்டும்.

தவறு பிறகு தெரியவந்தால், கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் 'கிட் பைசெக்ட்' உதவும்: 1000 கமிட்டுகளில் பிழை நுழைந்த இடத்தைச் சுமார் 10 சோதனைகளில் காட்டிவிடும். இரண்டு கிளைகளும் தனித்தனியே சரியாக இருந்து, சேர்ந்ததும் உடைந்திருந்தால் அது இணைப்பு கமிட்டையே சுட்டும். அப்போது 'கிட் ரிவர்ட் -எம் 1' போட்டு, இணைப்பால் வந்த மாற்றங்களை நீக்கிவிடலாம். ஆனால் பிழையைத் திருத்தியபின் அதே கிளையை மறுபடி இணைத்தால் பழைய வேலை வராது. அந்த கமிட்டுகள் ஏற்கெனவே வந்துவிட்டதாகவே வரலாறு சொல்கிறது. திருத்தம் மட்டும் தனியே வந்து நிற்கும். முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டு, அதன்பிறகு இணைக்கவேண்டும்.