மூலையை முடிவு செய்வது முயல்

கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூம்பாறையில் என் அக்கா வீட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடம் உண்டு. சென்ற ஆண்டு வந்து சேர்ந்த சாம்பல் நிற முயல் அதைத் தன் கழிப்பிடமாக எடுத்துக்கொண்டது. அக்கா விரட்டினாள். வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்து, முயலைத் தூக்கிப் போய் அதில் உட்கார வைத்தாள். அது நிதானமாக இறங்கி, மூட்டைக்குப் பின்னால் நடந்து, பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி, வாலைத் தூக்கியது. நான்காம் நாள் அக்கா தட்டை அந்த மூலைக்கே மாற்றினாள். அன்றோடு சண்டை ஓய்ந்தது.

முயலுக்குக் கழிப்பிடப் பழக்கம் பிறவியிலேயே உண்டு. நம் மலைப் புல்வெளிகளில் ஓடும் காட்டு முயலை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. அது வேறு இனம். வளை தோண்டாது, புல்லுக்குள் சிறு பள்ளத்தில் படுக்கும், குட்டிகள் மயிரோடு கண் திறந்தே பிறக்கும். (அதைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) வீட்டு முயல் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த பிராணி. அந்தக் கூட்டம் வளையைச் சுற்றிச் சில குறிப்பிட்ட இடங்களில் புழுக்கையைக் குவிக்கும். ஆசனவாய்க்கு அருகிலுள்ள சுரப்பிகளின் வாசனை புழுக்கையில் ஏறும். எல்லைக் கல் போல அந்தக் குவியல், இது யாருடைய இடம் என்று வெளியாருக்குச் சொல்லும். வாசனை மங்கினால் முயல் அங்கேயே வந்து புதுப்பிக்கும். நாம் செய்ய வேண்டியது, அது தேர்ந்தெடுத்த மூலையில் தட்டை வைத்து, சிதறிய புழுக்கையைக் கூட்டி அதற்குள் போடுவதுதான். திட்டுவது, மூக்கைத் தேய்ப்பது எல்லாம் பயத்தைத்தான் கற்பிக்கும்.

தட்டுக்குப் பக்கத்தில் புல் வைக்கச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். கழிப்பறையில் யாராவது சாப்பாடு வைப்பார்களா? முயலுக்கு வைக்கத்தான் வேண்டும். காரணம் அதன் குடலில் இருக்கிறது.

சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் முயலுக்கு இரைப்பையைவிடப் பெரிய ஒரு பை உண்டு. புல் அங்கே நுண்ணுயிர்களால் புளித்து நொதிக்கிறது. பெருங்குடல் ஒரு சல்லடை வேலை செய்கிறது: பொடியான துகளையும் நீரையும் அந்தப் பைக்குத் திருப்பி அனுப்புகிறது, முரட்டு நாரை முன்னால் தள்ளுகிறது. அந்த நார்தான் உருண்டைப் புழுக்கை. காய்ந்த ஒன்றை விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள், மரத்தூளாக உதிரும். புல்லின் இழை இழையாகத் தெரியும். நாற்றம் ஏறக்குறைய இருக்காது. ஒரு நாளைக்கு 200-க்கும் மேல் விழும். இவை பெரும்பாலும் மேயும் நேரத்தில்தான் வெளியேறுகின்றன. ஆகவே புல் இருக்கும் இடத்தில் முயல் உட்காரும், உட்காரும் இடத்தில் போகும். அக்காவின் முயல் தட்டின் ஓரத்தில் முன்கால்களை ஊன்றி, ஒரு புல் தாளைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டே பின்னால் டப் டப்பென்று உதிர்க்கும். வாய்க்கும் வாலுக்கும் ஒரே தாளம்.

ஓய்வு நேரத்தில் வருவது வேறு. நொதித்த பையிலிருந்து, சவ்வு பூசிய, திராட்சைக் குலை போன்ற மென்மலம். புரதமும் பி வைட்டமின்களும் நிறைந்தது. முயல் குனிந்து நேராக ஆசனவாயிலிருந்தே அதை எடுத்து விழுங்கிவிடும். அருவருக்க ஒன்றுமில்லை, மாடு அசை போடுவதற்கு ஈடான ஏற்பாடு இது. ஆரோக்கியமான முயலின் மென்மலத்தை நாம் பார்ப்பதே அரிது.

தரையில் அது பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தால் சந்தேகப்பட வேண்டியது உணவை. மேல்மலை கேரட் விளையும் ஊர். முயல் என்றாலே ஆளுக்கொரு கேரட்டை நீட்டுகிறார்கள். கேரட்டில் சர்க்கரை அதிகம், நார் குறைவு. பையிலுள்ள நுண்ணுயிர்க் கூட்டம் குலைந்து மென்மலம் இளகுகிறது. முயல் அதைத் தின்னாமல் விட்டுவிடுகிறது. பழக்கம் கெட்டுவிட்டது என்று அக்காவும் முதலில் முயலைத்தான் திட்டினாள். கேரட்டை நிறுத்தி உலர்ந்த புல்லைக் கூட்டியதும் தரை சுத்தமானது.

பிறந்து நான்கு மாதம் ஆனதும் இன்னொரு தொல்லை தொடங்கும். பாலின ஹார்மோன் ஏறியவுடன், தட்டில் ஒழுங்காகப் போன முயல் சுவரில் பீய்ச்சும், வழியெல்லாம் புழுக்கையைத் தூவும், ஆண் முயல் குறிப்பாக. கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களில் இது அடங்குகிறது. பெண் முயலுக்குக் கருப்பைப் புற்றுநோய் அடிக்கடி வருவதால் அதற்கும் செய்வது நல்லது. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரைத் தேடிப் போக வேண்டும். நாய்க்குச் செய்பவர் எல்லோரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

தட்டின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மற்றப் பிராணிகளில் பெரும்பாலானவை தேவைக்கு ஏற்பச் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சும். முயலின் குடலோ கிடைத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும்; உடலுக்குத் தேவையானது போக மிச்சம் சிறுநீரில் கால்சியம் கார்பனேட்டாக வெளியேறுகிறது. வினிகர் ஊற்றினால் நுரைத்துக் கரையும். தரையில் தவறிப் போன இடத்தையும் வினிகரால் துடைத்தால் வாசனைக் குறி அழியும்.

தட்டில் செய்தித்தாள் விரித்து மேலே உலர்ந்த புல் போட்டால் போதும். பூனைக்கு விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் கூடாது; முயல் அதைக் கொறித்தால் குடலில் அடைக்கும். மரப்பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் பைன் மரத்தூளும் வேண்டாம். அதன் மணமுள்ள ஆவி கல்லீரலைப் பாதிக்கும். மழை மாதங்களில் மேல்மலையில் எதுவும் காய்வதில்லை. குளிருக்குச் சன்னலை அடைத்த அறையில் சிறுநீரின் அம்மோனியா தேங்கி முயலின் மூச்சுப் பாதையைப் புண்ணாக்கும். ஆகவே அந்த மாதங்களில் தட்டை நாள்தோறும் மாற்ற வேண்டும். பூஞ்சை பிடித்த புல்லைப் போடவே கூடாது.

அக்கா காலையில் தட்டைத் தூக்கிப் போய்ப் புழுக்கையைப் பூண்டுப் பாத்தியில் நேராகவே தூவுகிறாள்; சாணம் போல மட்க வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. நனைந்த காகிதம் எருக்குழிக்குப் போகிறது. தட்டைக் கழுவிப் புதுத் தாள் விரித்த பிறகு, ஒதுக்கி வைத்த ஒரு பிடி பழைய புழுக்கையை அதில் போட்டு மூட்டைக்குப் பின்னால் தள்ளுகிறாள்.