லார்ஜ் ஃபார்மட் கற்க வருகிறவர்களுக்கு: முதலில் ஹோல்டர், கடைசியில் டில்ட்

லார்ஜ் ஃபார்மட் கேமரா, அதாவது ரோலுக்குப் பதில் பெரிய ஃபிலிம் தாளை (ஷீட்) ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கும் கேமரா, கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் நாளே கேட்பது டில்ட் பற்றித்தான். லென்ஸைக் கொஞ்சம் சாய்த்தால் காலடிப் புல்லிலிருந்து தூரத்து மலை வரை எல்லாம் கூர்மையாக விழும் என்று வீடியோவில் பார்த்திருப்பார்கள். உண்மைதான், விழும். ஆனால் புதியவர்கள் வீணாக்கும் ஃபிலிமில் டில்ட்டால் வீணாவது மிகக் குறைவு. ஷட்டரை மூடாமல் டார்க் ஸ்லைடை (ஃபிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் தகடு) உருவுவது, ஒரே ஷீட்டில் இரண்டு படம் எடுப்பது, ஃபிலிமைப் புரட்டிப் போடுவது, பெல்லோஸில் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள மடிப்புத் துருத்தி) ஊசித்துளை இருப்பது தெரியாமலே ஊர் ஊராகச் சுற்றுவது என்று காசு போகும் வழிகள் வேறு. 4×5 அங்குல ஷீட் ஒன்றின் பரப்பு 35 மி.மீ. ஃபிரேமைப்போல் சுமார் 13 மடங்கு. விலையும் அதற்கேற்றபடிதான். அதனால் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையில் ஹோல்டர் முதலில், அப்புறம் எக்ஸ்போஷர் (ஃபிலிமுக்கு எவ்வளவு ஒளி விடுவது), டில்ட்டும் ஸ்விங்கும் (லென்ஸைப் பக்கவாட்டில் திருப்புவது) கடைசியில்.

ஹோல்டர் என்பது ஃபிலிமை வைத்துக் கேமராவில் செருகும் தட்டையான சட்டம். அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொரு ஷீட் போகும். முழு இருட்டில், விரலை மட்டும் நம்பிப் போட வேண்டும். ஷீட்டின் ஒரு மூலையில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். ஷீட்டை நெட்டுவாக்கில் பிடித்து, அந்த வெட்டு வலப்பக்க மேல் மூலையில் இருந்தால் எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) உங்களைப் பார்க்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ஃபிலிமுக்கும் வெட்டின் வடிவம் வேறு, அதனால் கலந்துவிட்டாலும் தடவிப் பார்த்துப் பிரித்துவிடலாம். வீணான ஷீட் ஒன்றை வைத்துக்கொண்டு முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, டீவி பார்த்தபடி என்று கை பழகும்வரை போட்டுப் போட்டு எடுங்கள்.

நம் ஊர் வெயிலில் சேஞ்சிங் பேக் (கையை மட்டும் உள்ளே விட்டு ஃபிலிம் போடும் ஒளிபுகாப் பை) எனக்குப் பிடிக்காது. பைக்குள் கை வியர்த்து, எமல்ஷனில் விரல் ரேகை பதிந்துவிடும். இரவில் குளியலறைக் கதவின் இடுக்கில் துண்டைச் செருகிவிட்டு அங்கே போடுவது மேல். எங்கே போட்டாலும் ஃபேனைக் கொஞ்ச நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். நெகட்டிவில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள், அதாவது பிரிண்டில் கறுப்பாக வருபவை, பெரும்பாலும் சீலிங் ஃபேன் கிளப்பிய தூசிதான்.

டார்க் ஸ்லைடின் கைப்பிடி ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் எடுக்காத ஷீட், கறுப்பு தெரிந்தால் எடுத்தது. உலகம் முழுக்க இதுதான் வழக்கம், நீங்களாகப் புது முறை கண்டுபிடிக்க வேண்டாம்.

படம் எடுக்கும் வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வேன். லென்ஸைத் திற. ஃபிரேம் பார். ஃபோகஸ் செய். லென்ஸை மூடு. அப்பர்ச்சர், ஸ்பீடு வை. ஷட்டரை ஏற்று. ஹோல்டரைச் செருகு. ஸ்லைடை உருவு. எடு. ஸ்லைடைக் கறுப்புப் பக்கமாக மாற்றிப் போடு. ‘லென்ஸை மூடு’ என்பதுதான் அதிகம் விட்டுப்போகும் வரி. பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த நிலவு உதயப் படம் பலருக்குத் தெரிந்திருக்கும். 8×10 கேமரா. அவசரத்தில் லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு அளவு நினைவில் இருந்ததால் மனக்கணக்கிலேயே எக்ஸ்போஷர் முடிவு செய்தார். இன்னொன்று எடுக்கலாம் என்று ஹோல்டரைத் திருப்பிப் போட்டு ஸ்லைடை உருவுவதற்குள் கல்லறைச் சிலுவைகள்மேல் விழுந்த வெயில் போய்விட்டது. அவ்வளவு பழகிய கைக்கே கிடைத்தது ஒரு ஷீட்தான்.

கேமரா வாங்குவது பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்டூடியோக்களிலிருந்து தேக்கு மரக் கேமராக்கள் விற்பனைக்கு வருகின்றன. 1940களில் ஆலப்புழையில் தயாரிக்கத் தொடங்கிய வாகீஸ்வரி கேமராக்களும் அவற்றில் உண்டு. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் பல ஹாஃப் பிளேட், ஃபுல் பிளேட் அளவுக்குச் செய்தவை. இன்று கடையில் கிடைக்கும் 4×5 ஹோல்டர் அவற்றில் நேராக உட்காராது. ஹாஃப் பிளேட் என்றால் 4¾×6½ அங்குலம், அந்த அளவில் ஃபிலிம் அன்றாடம் கிடைப்பதில்லை. ஆசாரியிடம் கொடுத்துப் பின்பக்கத்தை மாற்றலாம்தான், ஆனால் ஃபிலிம் நிற்கும் தளமும் கிரவுண்ட் கிளாஸின் (பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்யும் மங்கல் கண்ணாடி) தளமும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கற்கும்போதே அந்தத் தலைவலி வேண்டாம். உடைந்த கிரவுண்ட் கிளாஸை யாரோ மாற்றிய கேமரா என்றால் கண்ணாடியின் சொரசொரப்புப் பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிப் போட்டிருந்தால் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும், ஃபிலிமில் ஒன்றுகூடக் கூர்மையாக வராது.

பெல்லோஸை முழுதாக நீட்டி, இருட்டறையில் உள்ளே டார்ச்சைப் போட்டுப் பாருங்கள். மடிப்பின் மூலைகள்தான் முதலில் கிழியும். பழைய ஷட்டரில் ஒரு விநாடி என்பது இரண்டு விநாடி வரைகூட இழுக்கும். போனில் சத்தத்தைப் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், கடற்கரை ஊர்களில் தோல் பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸ் என்றால் கட்டாயம்.

எக்ஸ்போஷரில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் எந்த ஃபிலிம் கேமராவுக்கும் உள்ளதே. முதலாவது, கிட்டப் பொருளுக்கு ஃபோகஸ் செய்ய பெல்லோஸை நீட்ட நீட்ட ஃபிலிமில் விழும் ஒளி குறையும். தையல்காரர் டேப் ஒன்று பையில் இருக்கட்டும். 150 மி.மீ. லென்ஸில், லென்ஸுக்கும் கிரவுண்ட் கிளாஸுக்கும் இடையே 210 மி.மீ. வந்தால் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி) கூட்டுங்கள், 300 மி.மீ. வந்தால் இரண்டு ஸ்டாப். முகத்தை நெருங்கி எடுத்த போர்ட்ரெய்ட் எல்லாம் மெலிந்த நெகட்டிவாக வருவதற்கு இதுதான் முதல் காரணம். இரண்டாவது, நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் சோர்ந்துபோகும். கோயில் மண்டபத்துக்குள் அப்பர்ச்சரை (லென்ஸின் துளை) எஃப்/32 என்று சிறிதாக வைத்தால் மீட்டர் பத்து விநாடி காட்டும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு அது சுமார் 20 விநாடி. மீட்டர் 30 காட்டினால் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 86. (மண்டபம் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருந்தால் முக்காலி வைக்க முன் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். வாசலில் நின்று வாதாடி நான் பார்த்தவரை யாரும் ஜெயித்ததில்லை.)

பழகுவதற்கு நல்ல ஃபிலிமைக் கரைக்காதீர்கள். எக்ஸ்ரே ஃபிலிம் போதும். 8×10 அங்குல அளவில், பச்சை ஒளிக்கு உணர்வுள்ள வகையைக் கேட்டு வாங்கி நான்காக வெட்டலாம். 4×5 ஷீட் உண்மையில் நாலுக்கு ஐந்தைவிட நூலளவு சிறியது, அதனால் ஓரத்தைக் கொஞ்சம் சீவினால்தான் ஹோல்டருக்குள் போகும். ஐஎஸ்ஓ 80 என்று வைத்துத் தொடங்குங்கள். இது சிவப்பு ஒளிக்கு மசியாது, எனவே சிவப்பு விளக்கின் கீழேயே டிரேயில் படம் எழுவதைப் பார்த்துக்கொண்டு டெவலப் செய்யலாம். அதே காரணத்தால் உதடும் குங்குமமும் கறுத்துவிடும். இரண்டு பக்கமும் எமல்ஷன் உண்டு, தொட்டாலே கீறும். டிரேயின் அடியில் ஒரு கண்ணாடித் தகடு போட்டுக்கொள்வது நல்லது. ஹோல்டரில் வெளிச்சம் கசிகிறதா என்று சோதிக்கவும் இதே ஃபிலிம்தான். போட்டு, ஸ்லைடை உருவாமல் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, டெவலப் செய்து பாருங்கள். ஹோல்டர்களுக்கு நம்பர் போட்டிருந்தால்தான் எது ஒழுகுகிறது என்று தெரியும்.

சென்னையில் மே மாதம் குழாய்த் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் வரும். டெவலப்பரின் நேர அட்டவணை 20 டிகிரிக்கு எழுதியது. வாளியில் ஐஸ் போட்டு பாட்டிலைக் குளிர வையுங்கள். சூட்டோடு செய்து நேரத்தைக் குறைத்தால் ஐந்து நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும், அப்போது வானம் திட்டுத் திட்டாக வரும்.

இனிச் சொல்வதை ஒருவரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெவலப்பரையும் ஃபிக்ஸரையும் குளிர்பான பாட்டிலில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. லேபிள் ஒட்டினாலும் கூடாது, படிக்கத் தெரியாத குழந்தை இருக்கும் வீடு, இருட்டில் தாகத்தோடு எழுந்து வரும் பெரியவர் இருக்கும் வீடு. ஃபிரிட்ஜில் வைப்பது அதைவிட மோசம். டிரேயில் கையை விட்டு ஷீட்டுகளைப் புரட்டும் பழக்கம் பழைய ஸ்டூடியோக்களில் சகஜம், பல டெவலப்பர்களில் உள்ள மெட்டால் என்ற வேதிப்பொருள் பலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் தரும். கையுறை போடுங்கள். பைரோ டெவலப்பர் தோல் வழியே உடம்புக்குள் போகும் நஞ்சு, முதல் வருடத்தில் அதன் பக்கமே போகாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத குளியலறையில் ஃபிக்ஸர் வாடையோடு மணிக்கணக்கில் நிற்கவும் வேண்டாம். பழைய ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கும். சாக்கடையில் கொட்டாமல் கேனில் சேர்த்து, அதிலிருந்து வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் ஃபிலிம் பெட்டியைக் கைப்பையில் வைத்து, சிடி ஸ்கேனர் வழியாக அனுப்பாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘திறந்தால் கெட்டுவிடும்’ என்று பெட்டிமேல் பெரிதாக எழுதியிருக்கட்டும். ஒரு காலிப் பெட்டியைத் திறந்து காட்டத் தயாராக வைத்திருந்தால் விளக்குவது எளிது.

இவ்வளவும் கை பழகிய பிறகு மூவ்மென்ட்டுக்கு (லென்ஸைச் சாய்ப்பது, திருப்புவது, நகர்த்துவது) வாருங்கள். அதிலும் முதலில் ரைஸ். கேமராவை அண்ணாந்து பார்க்க விடாமல் நேராக நிறுத்தி, லென்ஸ் போர்டை மட்டும் உயர்த்தினால் கோபுரம் பின்னால் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். எவ்வளவு உயர்த்தலாம் என்பது லென்ஸ் விழவைக்கும் பிம்ப வட்டத்தைப் பொறுத்தது. பல கிரவுண்ட் கிளாஸ்களில் நான்கு மூலையும் வெட்டி விட்டிருப்பார்கள். எடுக்கப்போகும் அப்பர்ச்சரை வைத்துவிட்டு, படத்தில் வானம் விழும் பக்கத்து மூலைகளின் வழியே லென்ஸைப் பாருங்கள். பிம்பம் தலைகீழ் என்பதால் அவை கீழ் மூலைகள். அப்பர்ச்சர் ஓட்டை முழுதாகத் தெரிந்தால் எடுக்கலாம். பூனைக் கண் போல ஓரம் நறுக்கித் தெரிந்தால் அந்த மூலை இருண்டுவிடும், போர்டைக் கொஞ்சம் இறக்குங்கள், அல்லது இன்னும் ஒரு ஸ்டாப் மூடுங்கள்.